அமிலமும் இடுப்பெலும்பும்: ஒடுகத்தூரில் அன்றும் இன்றும்

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூரில் ஆட்டுச் சந்தை. ஜவ்வாது மலையின் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லைப் பக்கங்களிலிருந்து இறங்கி வருகிறவர்களும் அணைக்கட்டு வட்டத்துச் சமவெளி ஊர்க்காரர்களும் அன்று கடைத்தெருவில் கலந்து நிற்பார்கள். ஒரு தலைமுறைக்கு முன்பு அவர்கள் வாங்கிப்போன சாமான்களில் வயிற்றுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் இருக்கும்: ஓமம், சுக்கு, பெருங்காயம், கொஞ்சம் சீரகம். இன்று அந்தப் பொட்டலத்தின் இடத்தில், அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டிக் கொடுத்த நாலைந்து மாத்திரைகள் இருக்கின்றன. மருந்தின் பெயர் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டியதில்லை. "கேஸ் மாத்திரை குடுப்பா" என்றால் போதும். பான்டோபிரசோலோ ஒமிபிரசோலோ ரபிபிரசோலோ கைக்கு வந்துவிடும்.

அதே தெருவில் இன்னொரு மாற்றமும் கண்ணில் படுகிறது. நான்கு கால் வாக்கரைத் தள்ளிக்கொண்டு மெல்ல நடக்கிற மூதாட்டிகள். குளியலறையிலோ வாசற்படியிலோ விழுந்து, இடுப்பு ஒடிந்து, உள்ளே கம்பி வைத்து, எழுந்து வந்தவர்கள். முன்பு இப்படி யாரையும் தெருவில் பார்த்ததில்லை. இடுப்பு ஒடிந்தவர் அன்று தெருவுக்குத் திரும்புவது அரிது.

இந்த இரண்டு மாற்றங்களுக்கும் உறவு உண்டா என்று மருத்துவ ஆராய்ச்சி சுமார் இருபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வியின் நடுவில் நிற்பது ஹைட்ரஜன்.

முதலில் இடுப்பு. நாம் இடுப்பு ஒடிந்தது என்று சொல்லும்போது பெரும்பாலும் முறிந்திருப்பது தொடையெலும்பின் மேல்முனை. இடுப்பின் கிண்ணத்தில் பந்துபோல் அமர்ந்திருக்கும் அதன் தலைக்குக் கீழே குறுகலான கழுத்து ஒன்று இருக்கிறது. அந்தக் கழுத்தோ, அதற்குச் சற்றுக் கீழான பகுதியோ உடைகிறது. கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும். கழுத்து உடையும்போது தலைக்குப் போகும் இரத்த ஓட்டமும் பல சமயம் அறுபடுவதால், அந்த எலும்பு தானாகக் கூடுவது கடினம்.

அன்று மலையில் விழுந்தவருக்கு டோலி. கம்பில் கட்டிய போர்வைத் தூளியில் ஆளைக் கிடத்தி, இருவர் முன்னும் பின்னும் தோள்கொடுத்து அடிவாரம் வரை இறக்குவார்கள். சமவெளியில் விழுந்தவருக்கு மாட்டு வண்டி. போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஆஸ்பத்திரி அல்ல, கட்டுப் போடுகிறவர் வீடு. வசதி இருந்தவர்கள் ஆந்திரப் புத்தூர் வரை போனார்கள். முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, மூங்கில் பட்டை. கையெலும்புக்கும் கணுக்கால் எலும்புக்கும் அந்தக் கட்டு எத்தனையோ பேருக்குக் கூடிவந்திருக்கிறது. அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. ஆனால் சதைக்குள் ஆழப் புதைந்திருக்கும் தொடையெலும்புக் கழுத்தை வெளியே போடுகிற எந்தக் கட்டும் பிடித்து நிறுத்த முடியாது. ஆஸ்பத்திரிக்கே போனாலும், காலில் எடையைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் மல்லாக்கக் கிடத்துவதுதான் பலருக்குக் கிடைத்த வைத்தியம். பிறகு நடப்பதை வீட்டுப் பெண்கள் அறிவார்கள். முதுகில் படுக்கைப் புண், மார்பில் சளி, சிறுநீரில் கிருமி, காலில் உறைந்த இரத்தம். "ஆயா வுழுந்துட்டா" என்று சேதி வந்தால், தூரத்து உறவுகள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அது என்ன பார்வை என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அறுவை வழி அப்போது உலகில் இல்லாமல் இல்லை. உடைந்த கழுத்தை முப்பட்டை ஆணியால் இணைக்கும் முறையை பாஸ்டன் நகரத்து ஸ்மித் பீட்டர்சன் 1931இலேயே எழுதிவிட்டார். உலோகத்தில் செய்த தொடையெலும்புத் தலையை ஆஸ்டின் மூர் 1950களில் பரவலாக்கினார். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி முழு இடுப்பு மூட்டையே மாற்றும் முறையை 1962இல் நிலைநிறுத்தினார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையோ 1900இல் ஐடா ஸ்கட்டர் சிறிய மருந்தகமாகத் தொடங்கிய நாளிலிருந்து இந்த வட்டாரத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஒடுகத்தூர் மூதாட்டிக்கும் அந்த ஆணிக்கும் நடுவே இருந்தவை இரண்டு: பாதை, பணம்.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் சற்று இளகின. 2005இல் அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2008இல் 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியது. 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. 2022இல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகமும் விபத்துச் சிகிச்சைக்குப் பெரிய ஏற்பாட்டோடு திறந்தது. முன்பு வாரக்கணக்கில் கிடத்தப்பட்டவரை இன்று இரண்டு நாளுக்குள் அறுவை மேசைக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். மறுநாளே கட்டிலோரம் உட்காரவைத்து, பிடித்து நிறுத்துகிறார்கள். எவ்வளவு விரைவு நல்லது என்பதைக்கூட அளந்தாயிற்று. இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020இல் வெளியான ஆய்வில், சுமார் ஆறு மணி நேரத்தில் அறுவை செய்தவர்களில் 9 சதவீதமும், சுமார் ஒரு நாளில் செய்தவர்களில் 10 சதவீதமும் 90 நாளுக்குள் இறந்தார்கள். ஆறு மணி நேரத்துக்கும் இருபத்து நான்கு மணி நேரத்துக்கும் பெரிய பேதமில்லை என்று ஆகிறது. வாரக்கணக்கில் கிடந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பேசுவதற்கே இனிய விவாதம்.

மலையில் மட்டும் அன்று இன்னும் முழுதாக இன்றாகிவிடவில்லை. 2023 மே மாதம் அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்து ஒரு குழந்தை இறந்தது. ஆம்புலன்ஸ் போகப் பாதை இல்லாமல் தாய் அந்த உடலைக் கையில் சுமந்து மலையேறிய செய்தியை நாடே படித்தது. பாதை போடும் வேலைகள் அதன் பிறகு வேகம் எடுத்தன.

இவ்வளவு வசதி வந்தும் இடுப்பு முறிவு குறையவில்லை. காரணம் எளிது. முறிவதற்கு முதலில் முதுமை வேண்டும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது. இன்று 70ஐ ஒட்டி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதம் பேர் அறுபதைக் கடந்தவர்கள். 2021க்கான மதிப்பீடு 13.6. இந்தியாவில் இடுப்பு முறிவை முறையாக எண்ணிய ஓர் ஆய்வு ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் நடந்தது. ஐம்பது வயதைக் கடந்த ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 129 பேருக்கு இடுப்பு முறிகிறது. பெண்களில் 159, ஆண்களில் 105.

இனி வயிறு. இந்தக் கதையில் ஒரு மலையேறி வருகிறார். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி ஏறிய ஆங்கிலக் குழுக்களில் இருந்தவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல். முதல் பயணம் முடிந்து தென்னிந்தியாவைச் சுற்றியவர் நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டம் அவரை அங்கேயே நிறுத்திவிட்டது. அன்று திருவிதாங்கூரிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் இருக்கிற அந்த ஊரில் அவர் அதிகமாக அறுத்தது இரைப்பையையும் முன்சிறுகுடலையும். தென்னிந்தியாவில் குடற்புண் அவ்வளவு மலிந்து கிடந்தது. ஆயிரக்கணக்கான அறுவைகளின் அனுபவத்தை இரைப்பை அறுவை பற்றிய நூலாக 1948இல் வெளியிட்டார். பிறகு 1949 முதல் வேலூர் சி.எம்.சி.யில் அறுவைப் பேராசிரியராக வந்து பல ஆண்டுகள் கற்பித்தார்.

அமிலத்தை அன்று கத்தியால் அடக்கினார்கள். இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைப்பது ஒரு வழி. இரைப்பையின் ஒரு பகுதியையே வெட்டி எடுப்பது இன்னொன்று. 1943இல் சிகாகோவின் டிராக்ஸ்டெட் அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டும் முறையைக் கொண்டுவந்தபின் அதுவும் சேர்ந்தது. கத்திக்கு முந்திய நிலையில் பால் வைத்தியம்: மணிக்கொரு முறை பால், பிறகு ரொட்டி, காரம் கூடாது, புளி கூடாது. நாற்பது வயது ஆண் ஒருவர் விருந்தில் தனியாக உட்கார்ந்து மோர்ச் சோறு சாப்பிட்டால், "அவருக்கு அல்சர்" என்று மற்றவர்கள் ஒதுங்கிக் கொடுப்பார்கள். வயிற்றில் நீளவாட்டில் தையல் தழும்பு இருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருந்தார்கள்.

இப்போது தேடினால்தான் அந்தத் தழும்பு கிடைக்கும். 1976இல் பிரிட்டனில், அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் மாத்திரை வந்தது. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பெற்றார். 1981இல் ரானிடிடின். 1982இல் ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் குடற்புண்ணுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருப்பதைக் கண்டார்கள். காரமும் கவலையும் மட்டுமே குற்றவாளிகள் என்றிருந்த காலம் முடிந்தது. இரண்டு வார மருந்தில் புண்ணின் வேரையே பிடுங்க முடிந்தது. 1988இல் சந்தைக்கு வந்த ஒமிபிரசோல் அமிலத்தின் குழாயையே அடைத்தது. சாமர்வெல் மணிக்கணக்கில் நின்று செய்த வேலையை ஒரு குளிகை காலையில் வெறும் வயிற்றில் செய்துவிடுகிறது. இரத்தம் கக்கி இறந்தவர்களின் எண்ணிக்கையை நினைத்தால், இதைவிடப் பெரிய ஆதாயத்தை மருத்துவம் குறைவாகவே கொடுத்திருக்கிறது.

அந்தக் குழாயில் ஓடுவதுதான் ஹைட்ரஜன். ஹைட்ரஜன் அணு தன் ஒற்றை எலக்ட்ரானை இழந்தால் மிஞ்சுவது வெறும் புரோட்டான். அமிலத்துக்கு அமிலத்தன்மை தருவது அதுவே. இரைப்பைச் சுவரிலுள்ள சில செல்கள் பொட்டாசியத்தை உள்ளே வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகின்றன. இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் செறிவாக அது இரைப்பைக்குள் சேர்கிறது. ஒமிபிரசோல் குடும்பத்து மருந்துகள் இந்த ஹைட்ரஜன் பம்பில் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகின்றன. மருத்துவர்கள் இவற்றைச் சுருக்கமாக பி.பி.ஐ. என்பார்கள்.

2006 டிசம்பரில் இந்த பம்பும் இடுப்பும் ஒரே கட்டுரையில் சந்தித்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் யு-ஷியாவ் யாங்கும் உடன் ஆய்வாளர்களும் பிரிட்டனின் குடும்ப மருத்துவர் பதிவேடுகளைப் புரட்டினார்கள். இடுப்பு முறிந்த 13,556 பேர். அவர்களோடு ஒப்பிட முறியாத 1,35,386 பேர். ஓராண்டுக்கு மேல் இந்த மருந்தை எடுத்தவர்களிடம் இடுப்பு முறிவின் வாய்ப்பு 44 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. அதிக அளவில் நீண்ட காலம் எடுத்தவர்களிடம் இரண்டரை மடங்குக்கும் மேல். 2010 மே மாதம் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மருந்தின் உறையில் எலும்பு முறிவு எச்சரிக்கையைச் சேர்க்கச் சொன்னது. 2012இல் அமெரிக்கச் செவிலியர்கள் 79,899 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, இரண்டாண்டுக்கு மேல் எடுத்தவர்களிடம் சுமார் 35 சதவீதக் கூடுதலைக் கண்டது. ஆனால் அதற்குள் இன்னொரு செய்தி இருந்தது: அந்தக் கூடுதல் முழுதும் புகைபிடிப்பவர்கள், முன்பு பிடித்தவர்கள் பக்கமே விழுந்தது, ஒருநாளும் புகைக்காதவர்களிடம் அது தெரியவில்லை. நம் பக்கத்து மூதாட்டிகள் பீடி சுற்றியவர்கள், பிடித்தவர்கள் குறைவு. வெற்றிலையோடு புகையிலை மென்றவர்கள் நிறைய. அந்த ஆய்வு பார்த்தது புகைத்தலை மட்டுமே.

பழைய வைத்தியத்தைப் பார்த்திருந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் முற்றிலும் புதிதல்ல. இரைப்பையில் பாதியை வெட்டி எடுத்தவர்களுக்கு ஆண்டுகள் போனபின் எலும்பு மெலிவதை அறுவை மருத்துவர்கள் கத்தியின் காலத்திலேயே குறித்துவைத்திருந்தார்கள். உணவு குறைவது, கால்சியமும் வைட்டமின் டி-யும் சரியாக உறிஞ்சப்படாதது என்று அதற்குப் பல காரணம் சொன்னார்கள். அமிலம் போனதும் அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

எப்படி? கால்சியம் மாத்திரையில் பரவலாக இருப்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. அது கரைய அமிலம் வேண்டும். 65 வயதைக் கடந்த 18 பெண்களுக்கு ஒரு வாரம் ஒமிபிரசோல் கொடுத்து, வெறும் வயிற்றில் இந்தச் சுண்ணாம்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2005இல் வெளிவந்த கணக்கு. மருந்து இல்லாதபோது 9.1 சதவீதம் கால்சியம் உடலில் ஏறியது, மருந்தோடு 3.5 சதவீதம். உணவோடு சேர்த்துச் சாப்பிட்டால் இந்த நட்டம் இவ்வளவு இராது. கால்சியம் சிட்ரேட் என்ற வகைக்கு அமிலம் அவ்வளவாகத் தேவையில்லை. ஒடுகத்தூர்ப் பக்கத்தில் ஒரே மாலையில் ஒரே டம்ளர் தண்ணீரோடு சத்து மாத்திரையையும் கேஸ் மாத்திரையையும் விழுங்குகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லியிருந்தால் நல்லது.

எலும்புக்கும் சொந்தமாக ஒரு ஹைட்ரஜன் பம்பு உண்டு என்பது இதில் வேடிக்கை. பழைய எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் எலும்பின் மேல் ஒட்டிக்கொண்டு, தமக்கடியில் ஹைட்ரஜன் அயனியைப் பாய்ச்சித்தான் எலும்பின் கால்சியத்தைக் கரைக்கின்றன. அந்த பம்பு வேறு வகை. அதையும் இந்த மருந்து அடக்குமானால் எலும்புக்கு நன்மையே வர வேண்டும் என்று வாதிட்டவர்களும் உண்டு. உடல் நம் வசதிக்காக ஒரே பக்கம் சாய்ந்து கொடுப்பதில்லை.

பதிவேடுகளைப் புரட்டும் ஆய்வுக்கு ஒரு குறை இருக்கிறது. கேஸ் மாத்திரை எடுப்பவர்கள் ஏற்கெனவே நோயாளிகள். மூட்டு வலிக்கு மாத்திரை, சர்க்கரைக்கு மாத்திரை, தூக்கத்துக்கு மாத்திரை என்று எடுப்பவர்களே அதையும் எடுக்கிறார்கள், தளர்ந்தவர்களே விழுகிறார்கள். எது எதனால் என்று பிரிக்கக் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுக்க வேண்டும். அதையும் செய்துவிட்டார்கள். 2019இல் வெளியான காம்பஸ் ஆய்வில் இதய, இரத்தக்குழாய் நோயாளிகள் 17,598 பேர். பான்டோபிரசோல் 40 மில்லிகிராமோ மாவோ, சராசரியாக மூன்றாண்டுகள். எலும்பு முறிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. கூடியது குடல் தொற்று மட்டும்: 1.0 சதவீதம் 1.4 ஆயிற்று. கிருமியைக் கொல்லும் அமிலம் குறைந்தால் வயிற்றுப்போக்கு கூடுவது எதிர்பார்த்ததே.

எனவே என் கணிப்பு இது. மூன்றாண்டுக்குள் இந்த மாத்திரை இடுப்பை ஒடிக்கிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. பத்து, பதினைந்து ஆண்டுகள் விழுங்குகிறவர்களைப் பற்றி நிம்மதியாகச் சொல்லவும் மூன்றாண்டு ஆய்வு போதாது. பழைய 44 சதவீதத்தை அப்படியே நம்பினாலும் அச்சத்தின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ரோத்தக் கணக்கை வைத்துப் பெருக்கினால், ஐம்பது கடந்த ஒரு லட்சம் பேரும் தினம் விழுங்கினால் ஆண்டுக்குக் கூடுதலாக 57 பேருக்கு இடுப்பு முறியும். மாத்திரை இல்லாமலே இடுப்பு முறிகிற 129 பேரைப் பற்றி நாம் எவ்வளவு பேசுகிறோம்?

மாத்திரை இல்லாமலும் எலும்பு வேறு வழியில் மெலிகிறது; நம் பக்கத்திலேயே பார்க்கலாம். மலையடிவாரத்தில் அன்று காலை உணவு கேழ்வரகுக் கூழ், பகலுக்குக் களி. மலை மேலே சாமைச் சோறும் உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. நூறு கிராம் தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் அளவுக்கே. கூழைப் புளிக்க வைத்ததால் சத்து உடலில் சேர்வதும் எளிதாயிற்று. 2011 முதல் குடும்ப அட்டைக்கு விலையில்லா அரிசி வந்ததும் களி கிண்டும் துடுப்பு பல வீடுகளில் பரணுக்குப் போயிற்று. அரிசி வந்ததைக் குறை சொல்ல மாட்டேன். பசியை அறிந்தவர்கள் எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியம் 600 மில்லிகிராம் என்று 2010இல் சொன்ன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2020இல் அதை 1,000 ஆக உயர்த்தியது. தேவை ஏறியதும் தட்டில் இருந்தது இறங்கியதும் ஒரே தலைமுறைக்குள்.

வெயிலும் அப்படியே. அன்று பெண்களின் பகல் கொல்லையில் கழிந்தது: நெல், நிலக்கடலை, ஆடு மேய்ப்பு, விறகு. இன்று ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி வண்டி விடியலில் வந்து நிற்கிறது. பகல் முழுதும் தையல் இயந்திரத்தின் முன், கூரைக்கடியில், குழல் விளக்கில். மாதச் சம்பளம், வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. என்று அவர்கள் பெற்றவை கொல்லை வேலை ஒருநாளும் தந்ததில்லை; மகள்களைக் கல்லூரிக்கு அனுப்பிய பணம் அது. இழந்தது வெயிலும் காலைச் சாப்பாடும். டீயும் பன்னும் தின்று ஓடினால் பதினோரு மணிக்கு நெஞ்சு கரிக்கிறது. பையிலிருந்து மாத்திரை வெளியே வருகிறது. வயலில் குனிந்தவளுக்கு இடுப்பு வலி, இயந்திரத்தின் முன் குனிந்தவளுக்குக் கழுத்து வலி. இரண்டுக்கும் வலி மாத்திரை, வலி மாத்திரைக்குத் துணையாக மறுபடி கேஸ் மாத்திரை.

சி.எம்.சி.யின் நாளமில்லாச் சுரப்பியியல் துறையினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு இந்த மெலிவின் அளவைக் காட்டுகிறது. தென்னிந்தியாவின் ஓர் அரைநகர்ப்பகுதியில், மாதவிடாய் நின்ற, நன்றாக நடமாடுகிற 150 பெண்களைப் பரிசோதித்தார்கள். ஏதாவதோர் இடத்தில் எலும்புப்புரை இருந்தவர்கள் 50 சதவீதம். தொடையெலும்புக் கழுத்தில் 16.7. வைட்டமின் டி குறைந்தவர்கள் 52 சதவீதம். கால்சியம் உட்கொண்டது வேண்டிய அளவுக்கு மிகக் கீழே. வருடம் முழுதும் வெயில் காயும் நாட்டில் வந்த கணக்கு இது.

ஹைட்ரஜனின் பெயரில் இப்போது வேறொரு சரக்கும் விற்கிறது. ஹைட்ரஜன் தண்ணீர், அதைத் தயாரிக்கும் புட்டி. அதற்கும் ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. ஜப்பானின் ஷிகியோ ஓட்டா குழு 2007இல், ஹைட்ரஜன் வாயு உடலுக்குள் தீங்கு செய்யும் ஹைட்ராக்சில் துகள்களை மட்டும் தேர்ந்து அடக்குவதாக எழுதியது. சூலகம் நீக்கிய எலிகளுக்கு ஹைட்ரஜன் கரைத்த தண்ணீர் கொடுத்தால் எலும்பு இழப்பு குறைவதாக 2013இல் சீன ஆய்வாளர்கள் காட்டினார்கள். எலிகள் பிழைத்தன, சரி. மனிதரின் இடுப்பு முறிவைக் குறைத்துக் காட்டிய பெரிய ஆய்வு அதன் பின்னால் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கில் கொடுத்து அந்தப் புட்டியை வாங்குவதற்கு முன், அதே பணத்துக்குக் குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பியும் சொரசொரப்பான தரையும் போட்டுவிடலாம். மண் தரையில் விழுந்த ஆயாவைவிட டைல்ஸ் தரையில் வழுக்கிய ஆயாவுக்கு இடி பலமாக விழுகிறது.

மாத்திரைக்கு வருவோம். சரி, நிறுத்திவிடலாம் என்று நினைத்தவர்கள் மூன்றாம் நாளே திரும்பக் கடைக்கு வருவதற்கும் காரணம் உண்டு. வயிற்றில் எந்தக் கோளாறும் இல்லாத 120 தன்னார்வலர்களைக் கொண்டு டென்மார்க்கில் ஒரு சோதனை நடந்தது, 2009இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு எட்டு வாரம் இந்த வகை மருந்து, பிறகு நான்கு வாரம் மாவு. மீதிப் பேருக்குத் தொடக்கம் முதல் மாவு. மருந்தை நிறுத்திய பிறகு முதல் குழுவில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிச்சலோ புளித்த ஏப்பமோ வந்தது. இரண்டாம் குழுவில் 15 சதவீதம். அடைத்து வைத்த பம்பு திறந்ததும் முன்னைவிட வேகமாக ஓடுகிறது. நோய் இல்லாதவருக்கே நோய் போலத் தோன்றும். உடனே அடுத்த அட்டை. ஓமத் தண்ணீரை நிறுத்தியவர்களுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. ஓமத் தண்ணீரால் குடற்புண் ஆறியதுமில்லை.

ரானிடிடினின் மவுசு இதற்கிடையில் குறைந்துவிட்டது. அதில் என்.டி.எம்.ஏ. என்ற மாசு தெரிந்ததால் 2020இல் அமெரிக்கா விலக்கியது. 2022இல் இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலிருந்தும் நீங்கியது. மென்மையான அந்த இடைவழியும் குறுக, கடைக்காரரின் கை நேரே பான்டோபிரசோலுக்குப் போகிறது.

சிலருக்கு இந்த மாத்திரை உயிர்க் காவல். இதய அடைப்புக்கு ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும் சேர்த்து எடுப்பவர்கள், ஒருமுறை குடலில் இரத்தம் கசிந்தவர்கள், முதுமையில் வலி மாத்திரையைத் தவிர்க்க முடியாதவர்கள், உணவுக்குழாய் புண்ணானவர்கள்: இவர்கள் எதையும் படித்துவிட்டு, இதையும் சேர்த்துத்தான், தாமாக நிறுத்தக் கூடாது. மற்றவர்களில் பலர் எப்போதோ ஒரு காய்ச்சலுக்கு ஐந்து நாளுக்கென்று எழுதிக்கொடுத்ததை ஐந்து வருடமாக விழுங்குகிறவர்கள். அடுத்த முறை ஒடுகத்தூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வேலூருக்கோ போகும்போது, வீட்டிலிருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். கேஸ் மாத்திரையை எடுத்துக் காட்டி, இது எதற்கு, இன்னும் எத்தனை நாளைக்கு, படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கூட வந்த ஆயாவுக்கு வைட்டமின் டி பார்க்க வேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.